எய்தவன் இருக்க சென்சாரை நோவானேன்

செக் என்ஜின் விளக்கு எரிகிற பெட்ரோல் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஸ்கேனரைச் செருகுவார்கள். திரையில் ஒரு எரர் கோடு வரும். அதன் விளக்கத்தில் காற்று-பெட்ரோல் கலவை என்றோ ஆக்சிஜன் என்றோ ஒரு சொல் தென்பட்டுவிட்டால் போதும், "ஓ2 சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று தீர்ப்பு வந்துவிடும். மாற்றுவார்கள், எரர் கோடை அழிப்பார்கள், விளக்கு அணையும். கொஞ்ச நாளில் மறுபடி எரியும்.

அந்தச் சென்சாரின் வேலையே புகார் சொல்வதுதான். புகையில் ஆக்சிஜன் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்கு, அதாவது ஈசியுவுக்கு, ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பல நேரங்களில் அது சொல்வது உண்மை. ஆனால் நாம் புகார் கொடுக்க வந்தவனையே பிடித்து உள்ளே வைத்துவிடுகிறோம். ஓட்டை விழுந்த கேஸ்கட், சோர்ந்துபோன பெட்ரோல் பம்ப், அடைத்துக்கொண்ட இன்ஜெக்டர், எலி கடித்த வயர் எல்லாம் வெளியே நிம்மதியாக இருக்கின்றன.

என்னுடையது பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் ஹேட்ச்பேக். பி.எஸ். 4 புகை விதிக்கால வண்டி. விளக்கு எரிந்த சமயத்தில் மைலேஜ் கொஞ்சம் குறைந்திருந்தது, மற்றபடி பிக்கப்பிலோ ஸ்டார்ட்டிங்கிலோ ஒரு குறையும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்து பி0171 என்றார்கள். கலவை லீனாக இருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் தேவைக்கு மேல் போனால் ரிச், காற்று தேவைக்கு மேல் போனால் லீன். சென்சாருக்கும் கூலிக்குமாக ஏழாயிரத்துச் சொச்சம் எஸ்டிமேட் போட்டார்கள்.

"சென்சாரை டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"ஸ்கேனர்லயே வந்துடுச்சே சார்."

மரியாதையான பையன், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஸ்கேனரில் வந்தது "லீன்" என்ற செய்தி மட்டும்தான். சென்சார் கெட்டுவிட்டது என்று அதில் எங்கேயும் இல்லை. எஸ்டிமேட்டை வாங்கிக்கொண்டு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

சோதனைக்குப் போவதற்கு முன் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரியாமல் மல்ட்டிமீட்டர் பிடித்துப் பயனில்லை.

ஸ்பார்க் பிளக் மாதிரி ஒன்று புகைக்குழாயில் திருகியிருக்கும், அதிலிருந்து நான்கு வயர்கள் வரும். என்ஜினுக்குப் பக்கத்தில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது முதல் சென்சார். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது இரண்டாவது. ஸ்கேனரில் பேங்க் 1 சென்சார் 1, பேங்க் 1 சென்சார் 2 என்று வரும். நம் ஊரில் ஓடும் மூன்று, நான்கு சிலிண்டர் வண்டிகளில் பொதுவாக ஒரே பேங்க்தான், அதாவது ஒரே சிலிண்டர் வரிசைதான், அதனால் அந்த எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கலவையைத் தீர்மானிப்பது முக்கியமாக முதல் சென்சார்தான். இரண்டாவது, கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று கண்காணிக்கிறது.

உள்ளே இருப்பது ஜிர்கோனியம் டை ஆக்சைடு என்ற பீங்கான். இரண்டு பக்கமும் மெல்லிய பிளாட்டினம் பூச்சு. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், புகையில் அநேகமாக ஒன்றுமில்லை. சுமார் 300, 350 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும் இந்தப் பீங்கான் ஆக்சிஜன் அயனிகளைத் தன் வழியே விட ஆரம்பிக்கும், இரு பக்க வித்தியாசத்துக்கு ஏற்ப ஒரு சின்ன வோல்டேஜ் பிறக்கும். வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1889இல் கொடுத்த சமன்பாடுதான் அடிப்படை. அதே மனிதர் பிற்பாடு இதே ஜிர்கோனியப் பீங்கானைச் சூடாக்கி ஒரு மின்விளக்கும் செய்தார். விளக்கு வழக்கொழிந்து போனது, பீங்கான் காருக்குள் வந்துவிட்டது.

காருக்குள் கொண்டுவந்தது போஷ் நிறுவனம், 1976இல். கலிபோர்னியாவின் கடுமையான புகைச் சட்டத்துக்காக வால்வோ கார்களில் முதலில் பொருத்தினார்கள். அந்த வால்வோக்களின் முன்கிரில்லில் "லாம்டா சோண்ட்", அதாவது லாம்டா சென்சார், என்று பெருமையாகப் பெயர்ப்பட்டையே ஒட்டியிருப்பார்கள். அப்போது சென்சாருக்குள் ஹீட்டர் கிடையாது, புகையின் சூட்டில்தான் அது விழித்துக்கொள்ள வேண்டும். ஹீட்டர் வைத்தது 1982இல் வந்தது. நான்கு வயர் ஏன் என்ற கேள்விக்கும் இதுதான் பதில்: இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று சிக்னல், ஒன்று சிக்னலின் எர்த்.

பெட்ரோல் சரியாக எரிய எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். அந்தப் புள்ளியில் சென்சார் 0.45 வோல்ட் பக்கம் நிற்கும். கொஞ்சம் ரிச் ஆனாலே 0.8, 0.9க்குத் தாவும். கொஞ்சம் லீன் ஆனாலே 0.1க்கு விழும். நடுவில் நிதானமே கிடையாது. எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ரிச்சா லீனா என்பது மட்டும்தான். அதனால் ஈசியு பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், சென்சார் ரிச் என்றதும் குறைக்கும், லீன் என்றதும் மறுபடி கூட்டும். வண்டி ஓடுகிற நேரமெல்லாம் இந்த இழுபறிதான். ஆரோக்கியமான முதல் சென்சாரின் வோல்டேஜ் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருப்பது இதனால்தான். ஆடாமல் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையின் மிச்சமெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. சென்சார் அளப்பது ஆக்சிஜனை. பெட்ரோலை அல்ல. அந்த ஆக்சிஜன் எந்த வழியாகப் புகைக்குழாய்க்குள் வந்தது என்று அதற்குத் தெரியாது.

சரி, சோதனை. தேவையானவை ஒரு டிஜிட்டல் மல்ட்டிமீட்டர், வண்டியின் கம்ப்யூட்டரைப் போனோடு பேசவைக்கும் ஒரு ஈஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டர், போனில் டார்க் (Torque) மாதிரி ஒரு ஆப். அடாப்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. பழைய முள் மீட்டர் வேண்டாம். சென்சார் தரும் மின்சாரம் அவ்வளவு அற்பமானது, முள் மீட்டரே அதைக் குடித்துவிட்டுத் தப்பான அளவைக் காட்டும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். அப்பார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்டில் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். ஹேண்ட்பிரேக், நியூட்ரல். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும், கையைத் தள்ளியே வையுங்கள்.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே முதல் பாதியை முடித்துவிடலாம். பானட்டைத் திறந்து சென்சாரின் வயர் போகிற பாதையைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். நம் ஊரில் இது வெறும் சம்பிரதாயமில்லை. மழைக்காலத்தில் என்ஜின் சூட்டுக்கு எலி உள்ளே வந்து படுத்துக்கொள்கிறது, பொழுது போகாவிட்டால் வயரைக் கடிக்கிறது. பின்பக்கச் சென்சாரின் வயர் வண்டிக்கு அடியில் ஓடுவதால் ஸ்பீட் பிரேக்கரும் தேங்கிய தண்ணீரும் அதைப் பதம் பார்க்கும். வயரில் ஒன்றுமில்லை என்றால் வயர் முனையிலுள்ள கப்ளரைக் கழற்றிப் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஹீட்டர். நான்கு வயரில் ஒரே நிறமாக இரண்டு இருக்கும், அவைதான் ஹீட்டர். போஷ் வகையில் இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் அதன் எர்த். டென்சோ வகையில் இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். சென்சார் பக்கக் கப்ளரில் ஹீட்டரின் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். மாடலுக்கு மாடல் மாறும், ஆனால் குளிர்ந்த நிலையில் மூன்றிலிருந்து பதினைந்து ஓம்ஸுக்குள் ஏதாவது வந்தால் பொதுவாக ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. என் வண்டியில் 6.4 வந்தது. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் ஹீட்டர் கம்பி அறுந்துவிட்டது, வாதமில்லாமல் சென்சாரை மாற்றலாம். பி0135, பி0141 என்ற எரர் கோடுகள் ஹீட்டரைப் பற்றியவைதான். ஆனால் அவை வந்தாலும் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். அடுத்து சாவியை ஆன் செய்து வண்டிப்பக்கக் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பத்து ரூபாய் ஃப்யூஸ் போனதற்காகச் சென்சார் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சிக்னல் வயரில் ஓம்ஸ் பார்க்காதீர்கள். மீட்டர் ஓம்ஸ் அளக்கும்போது தானே கொஞ்சம் மின்சாரத்தை உள்ளே அனுப்புகிறது, அது பீங்கானைக் கெடுக்கலாம். அங்கே வோல்ட் மட்டும்தான்.

இனி என்ஜினை ஸ்டார்ட் செய்யலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி போர்ட்டில் அடாப்டரைச் செருகி, ஆப்பில் முதல் சென்சாரின் வோல்டேஜை மட்டும் கிராஃபாக எடுங்கள். மட்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய வண்டிகளில் ஓபிடி பேச்சு மெதுவானது. ஐந்தாறு அளவுகளைச் சேர்த்துக் கேட்டால் ஒவ்வொன்றும் எப்போதோ ஒருமுறைதான் வரும், வேகமாக ஆடுகிற சென்சார் மந்தமாகத் தெரியும். நல்ல சென்சாரைச் சோம்பேறி என்று முடிவுகட்ட இது ஒன்றே போதும்.

ஆப்பில் அளவே வராத வண்டியென்றால் மல்ட்டிமீட்டர்தான். கப்ளரைச் செருகியே வைத்து, பின்பக்கமாகச் சிக்னல் வயரின் ஓரத்தில் மெல்லிய குண்டூசியை நுழைத்து அதில் மீட்டரைத் தொட வேண்டும். வயரின் தோலைக் குத்திவிடாதீர்கள், அந்தத் துளை வழியாகத் தண்ணீர் போகும்.

குளிர்ந்த என்ஜினில் வோல்டேஜ் அசையாமல் நிற்கும். சில வண்டிகளில் 0.45லேயே நிற்கும், சிலவற்றில் பூஜ்யம் பக்கம். ஈசியு தானே வைத்திருக்கும் வோல்டேஜைப் பொறுத்தது அது, பயப்பட ஒன்றுமில்லை. ஹீட்டர் சூடாக்க ஆரம்பித்ததும் கோடு நெளியத் தொடங்கும், சீக்கிரமே துள்ளும். ஆப்பில் ஃப்யூயல் சிஸ்டம் ஸ்டேட்டஸ் என்று ஒன்று இருக்கும், அது "ஓபன் லூப்"பிலிருந்து "குளோஸ்டு லூப்" ஆக மாறும். ஈசியு இப்போது சென்சாரின் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நன்றாகச் சூடானபின் ஆர்பிஎம்மை 2500 பக்கம் பிடித்துக்கொண்டு கிராஃபைப் பார்த்தால், 0.1க்கும் 0.9க்கும் நடுவே குறைந்தது விநாடிக்கு ஒருமுறையாவது ஏறி இறங்க வேண்டும்.

எனக்குப் பிடித்த சோதனை அடுத்தது. ஐடிலில் ஓடும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்திச் சட்டென்று விடுங்கள். அழுத்திய கணத்தில் பெட்ரோல் கூடுதலாகப் பாயும், கோடு நேராக 0.9க்கு எகிற வேண்டும். காலை எடுத்ததும் ஈசியு பெட்ரோலைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடும், வெறும் காற்றுதான் வெளியே போகும், கோடு தரையைத் தொட வேண்டும். என் வண்டியில் 0.88க்கு ஏறியது, விட்டதும் 0.04க்கு விழுந்தது. ஏற்றமும் இறக்கமும் செங்குத்தாக இருந்தன. வயதான சென்சார் இப்படிச் செய்யாது. அதன் உச்சி 0.6, 0.7லேயே நின்றுவிடும், கோட்டின் முனைகள் மழுங்கி மெத்தென்று வளையும். அப்படிப்பட்ட மந்தத்துக்குத்தான் பி0133 என்ற எரர் கோடு இருக்கிறது.

ஆக, என் சென்சார் சுறுசுறுப்பாக இருக்கிறது. பிறகு ஏன் லீன்?

இங்கேதான் ஃப்யூயல் டிரிம் வருகிறது. கம்பெனி எழுதிக்கொடுத்த கணக்குக்கு மேல் எவ்வளவு சதவீதம் பெட்ரோலைக் கூட்டினேன், குறைத்தேன் என்று ஈசியு வைத்திருக்கும் வரவு செலவு அது. உடனுக்குடன் மாறுவது ஷார்ட் டேர்ம், மெல்ல மெல்லப் படிந்து நிலைப்பது லாங் டேர்ம். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பிளஸ் பத்து, மைனஸ் பத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினையில்லை. இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலும் இதில் கொஞ்சம் விளையாடும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் இ20க்குத் தேவையான காற்று விகிதம் 14.7இலிருந்து 13.5 பக்கம் இறங்கிவிடுகிறது. பழைய கணக்கில் ஓடும் வண்டி அதைச் சமாளிக்கப் பெட்ரோலைச் சில சதவீதம் கூட்டித்தான் ஆக வேண்டும். அதனால் பழைய வண்டியில் பிளஸ் ஐந்து, ஆறைப் பார்த்துப் பதற வேண்டாம்.

என் வண்டியில் ஐடிலில் இரண்டும் சேர்ந்து பிளஸ் 22 இருந்தது. அது பதற வேண்டிய எண்தான். ஆனால் 2500 ஆர்பிஎம்மில் பிடித்ததும் மெதுவாக இறங்கி பிளஸ் 6க்கு வந்துவிட்டது.

இந்த ஒரு வித்தியாசத்திலேயே சென்சார் பாதி நிரபராதி. அது பொய் சொல்கிற சென்சாராக இருந்தால் எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே பொய்யைச் சொல்லும். பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தால் நேர்மாறாக இருக்கும்: ஐடிலில் சமாளித்துவிடும், ஆர்பிஎம் ஏறி லோடு கூடும்போதுதான் டிரிம் எகிறும். ஐடிலில் மட்டும் லீன் என்றால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. என்ஜினுக்கு முன்னால் இன்டேக் பக்கம் நுழையலாம், பின்னால் புகைப் பக்கமும் நுழையலாம்.

எந்தப் பக்கம் என்று ஒரு ஸ்பார்க் பிளக் சொல்லியது. கழற்றிப் பார்த்தேன். லீனாக ஓடுகிற என்ஜினின் பிளக் வெளிறிப்போய் இருக்க வேண்டும். என் கையில் இருந்ததோ உலர்ந்த கரி படிந்த கறுப்பு பிளக். கம்ப்யூட்டர் லீன் என்கிறது, பிளக் ரிச் என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க ஒரே வழிதான் உண்டு. என்ஜினுக்குள் பெட்ரோல் அதிகமாகத்தான் எரிகிறது, ஆனால் புகை சென்சாரைத் தொடுவதற்குமுன் வெளிக்காற்று அதில் கலந்துவிடுகிறது. சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து நேர்மையாக லீன் என்கிறது, ஈசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது. மைலேஜ் போன இடமும் இதுதான்.

புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் புகைதானே வெளியே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்கலாம். புகை ஒரே சீராக ஓடுவதில்லை, ஒவ்வொரு சிலிண்டராகத் துடிப்புத் துடிப்பாக வருகிறது. ஐடிலில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குழாயில் அழுத்தம் வெளிக்காற்றை விடக் கீழே போய்விடும். அந்த இடைவெளியில் ஓட்டை காற்றை உறிஞ்சும். ஆர்பிஎம் ஏறினால் துடிப்புகள் நெருங்கிவிடும், உறிஞ்ச நேரம் கிடைக்காது. டிரிம் 6க்கு இறங்கிய காரணம் அதுவே.

ஓட்டையைத் தேட மறுநாள் காலை வரை காத்திருந்தேன். என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். வாக்குவம் கிளீனரின் குழாயைக் காற்று வெளியே வரும் துளையில் மாட்டி, மறுமுனையை சைலன்சர் வாயில் வைத்துப் பழந்துணியால் சுற்றி அடைத்தேன். என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது, கிளீனரை மட்டும் ஓட விட வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் எடுத்து சிலிண்டர்களின் புகையை ஒரே குழாயில் சேர்க்கும் மானிஃபோல்டின் ஒவ்வொரு இணைப்பாக அடித்துக்கொண்டே வந்தேன். என்ஜின் ஹெட்டோடு மானிஃபோல்ட் சேரும் இடத்தில், மூன்றாவது சிலிண்டருக்குக் கீழே, கைக்கு எட்டாத மூலையில் நுரை பூத்தது. சின்னச் சின்னக் குமிழாக வந்து, உடைந்து, மறுபடி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் கேஸ்கட்டை ஒட்டி விரல் அகலத்துக்குக் கரிக்கோடு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் நின்றுவிடும் சத்தத்துக்கும் விடை கிடைத்தது. உலோகம் சூட்டில் விரிந்து ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொள்கிறது.

கேஸ்கட் மாற்றும் வேலையை நான் செய்யவில்லை. பழைய வண்டியின் மானிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட் போல்ட் துருப்பிடித்து, திருகும்போதே ஹெட்டுக்குள் உடைந்தால் அது வேறு கதை. தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் கொடுத்தேன். கரிக்கோட்டைக் காட்டியதும் "இதுக்கு எதுக்கு சார் சென்சாரு" என்றார். கேஸ்கட்டும் இரண்டு ஸ்டட்டும் கூலியும் சேர்த்து எஸ்டிமேட்டில் கால்வாசிகூட ஆகவில்லை. எரர் கோடை அழித்துவிட்டுச் சில நாள் ஓட்டியபின் பார்த்தால் ஐடிலில் டிரிம் பிளஸ் 5, 2500இல் பிளஸ் 4. பழைய சென்சார் அதே இடத்தில் அதே துள்ளலோடு இருக்கிறது.

இதனால் சென்சார் கெடவே கெடாது என்று நினைத்துவிடக் கூடாது. தேய்மானம் உண்டு, விஷமும் உண்டு. பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தில் அது பிளாட்டினத்தை மூடிவிடும் என்பதால்தான் ஈயமும் கன்வெர்ட்டரும் ஒரே வண்டியில் குடியிருக்க முடியவில்லை. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் கன்வெர்ட்டர் வைத்த கார்களும் ஈயமில்லாப் பெட்ரோலும் ஒன்றாக வந்தன. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் நின்றது. இப்போதைய விஷம் சிலிகான். கேஸ்கட்டுக்குப் பதிலாகத் தாராளமாகப் பிதுக்கிவிடுகிற மலிவான சீலண்ட்டிலிருந்து ஆவி என்ஜினுக்குள் போய், எரிந்து, சென்சாரின் நுனியில் வெள்ளைப் படிவமாக உட்காரும். பேஸ்ட் வாங்கும்போது சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபில் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. என்ஜின் ஆயில் குடிக்கிற வண்டியில் பாஸ்பரஸும், ஹெட் கேஸ்கட் போன வண்டியில் கூலண்ட்டும் இதே வேலையைச் செய்யும். வெறும் கறுப்புக் கரி என்றால் விஷமில்லை, வண்டி ரிச்சாக ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

கழற்றிய சென்சாரைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சென்சாரை வைஸில் பிடித்து, சிக்னல் வயரிலும் அதன் எர்த்திலும் மீட்டரை மாட்டி, பிளம்பர் வைத்திருக்கும் கேஸ் டார்ச்சால் நுனியைச் சூடாக்க வேண்டும். ஜுவாலைக்குள் ஆக்சிஜன் இல்லாததால் ஒரு நிமிடத்துக்குள் 0.6க்கு மேல் ஏற வேண்டும், ஜுவாலையை எடுத்ததும் சில விநாடியில் விழ வேண்டும். ஏறவே இல்லை என்றாலோ ஏறியது விழாமல் இழுத்தாலோ சென்சாருக்கு விடைகொடுக்கலாம்.

பின்பக்கச் சென்சாருக்கு விதியே வேறு. அது ஆடாமல் 0.6, 0.7 பக்கம் நிற்பதுதான் ஆரோக்கியம். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சீரியம் ஆக்சைடு ஆக்சிஜனைச் சேமித்து வைத்துத் தேவைப்படும்போது விடுவதால் முன்னால் நடக்கும் ஆட்டம் பின்னால் தெரிவதில்லை. பின் சென்சாரும் முன் சென்சாரைப் போலவே துள்ளினால் கன்வெர்ட்டர் களைத்துவிட்டது. கன்வெர்ட்டரைக் குறைசொல்லும் பி0420 வந்ததும் பின் சென்சாரை மாற்றச் சொல்பவரிடம் இந்த இரண்டு கிராஃபையும் காட்டுங்கள். சென்சாருக்கு அடியில் ஸ்பேசர் போட்டு விளக்கை அணைத்துத் தருகிறேன் என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். விளக்குதான் அணையும், புகை அப்படியே வரும்.

பி.எஸ். 6 வண்டி வைத்திருப்பவர்கள், அதிலும் டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்கள், முதலில் தங்கள் வண்டியில் எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல புதிய வண்டிகளில் முன்னால் இருப்பது வைட்பேண்ட் சென்சார். ஐந்து வயர் இருந்தால் அநேகமாக அதுதான். அது எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று அளவோடு சொல்லும், ஆனால் சொல்வது மில்லியாம்ப் கணக்கில். அதில் 0.1, 0.9 ஆட்டத்தைத் தேடினால் கிடைக்காது, மல்ட்டிமீட்டருக்கு அங்கே வேலையும் இல்லை. ஹீட்டர் ஓம்ஸ் பார்க்கலாம். ஆப்பில் லாம்டா அளவை (தேவையான காற்றோடு ஒப்பிட்ட விகிதம், 1.0 என்றால் சரியான கலவை) எடுத்து, சீராக ஓடும்போது 1.0 பக்கம் இருக்கிறதா, ஓட்டத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது லீன் பக்கம் எகிறுகிறதா என்று பார்க்கலாம். டிரிம் கணக்கு மட்டும் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பார்ட் நம்பரை வைத்து வாங்குங்கள். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கும் போலிகள் ஏராளம். கழற்ற 22 மிமீ சைஸில், வயருக்கு வழிவிடுகிற வெட்டு உள்ள சாக்கெட் கிடைக்கிறது. முந்தின நாளே துரு நீக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டு, என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது திருகினால் மரை கெடாமல் வரும். புதிய சென்சாரின் மரையில் பேஸ்ட் பூசியே வரும், அது நுனியில் பட்டுவிடக் கூடாது. வயர் நீளம் போதவில்லை என்று வெட்டி சால்டர் வைக்காதீர்கள். பல சென்சார்களில் ஒப்பிட வேண்டிய வெளிக்காற்று அந்த வயரின் இழைகளுக்கு நடுவேதான் உள்ளே போகிறது, ஈயம் உருகி அந்த வழியை அடைத்துவிடும். அதே காரணத்துக்காகக் கப்ளரிலும் கிரீஸ், காண்டாக்ட் ஸ்பிரே எதுவும் வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்துச் செருகினால் போதும்.